எழுப்புகிறவனை எழுப்புவது யார்?

நண்பர் ஒருவரின் வீட்டில், புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட மூலையில், மின்செருகியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது எங்கள் வழங்கி. வழங்கி என்றதும் குளிரூட்டிய அறையும் விசிறிகளின் இரைச்சலும் வாசகருக்கு நினைவு வரவேண்டியதில்லை. சற்றே பருத்த மின்னூட்டி ஒன்றைப் போன்ற சிறு பெட்டி அது. ஷீவாபிளக் என்று பெயர். மார்வெல் நிறுவனம் 2009-இல் 99 டாலர் விலையில் அறிமுகப்படுத்திய வடிவமைப்பு. 1.2 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஆர்ம் வகைச் சில்லு, 512 மெகாபைட் நினைவகம், அதே அளவு ஃபிளாஷ் சேமிப்பகம், ஒரு வலைப்பின்னல் துளை, ஒரு யுஎஸ்பி துளை. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. நாங்கள் பல்லாண்டுகளாக வருடிச் சேர்த்த பழைய சிற்றிதழ்ப் பக்கங்களை அது இரவும் பகலும் ஓசையின்றி வழங்கிவருகிறது.

2025 ஆகஸ்டில் டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பு வெளியானது. அதன் வெளியீட்டுக் குறிப்பில் எங்களைப் போன்றோருக்கான செய்தி சில வரிகளில் இருந்தது. 'ஆர்மெல்' என்ற பழைய ஆர்ம் வகைக்கு இதுவே கடைசிப் பதிப்பு. நிறுவல் வட்டுகள் இனி இல்லை. ராஸ்பெரி பை குடும்பத்தின் ஆக முந்திய சில பலகைகளுக்கு மட்டுமே கெர்னல் தயாரித்துத் தரப்படும். ஷீவாபிளக் அப்பட்டியலில் இல்லை. இயந்திரத்தை ஓய்வுக்கு அனுப்பலாம். அல்லது அதற்கான கெர்னலை நாங்களே கட்டிக்கொள்ளலாம். இரண்டாவதைத் தேர்ந்தோம். அப்போதுதான் இன்னொன்று புலப்பட்டது. கெர்னலை மாற்றுவதோடு வேலை முடியாது. பதினாறு ஆண்டுகளாக ஒருவரும் தொடாத பூட்லோடரையும் மாற்ற வேண்டும். அதற்குப் புதிய கோப்பு முறைகளைப் படிக்கத் தெரியாது; இன்றைய கெர்னல் எதிர்பார்க்கும் முறையில் பேசவும் தெரியாது.

கணினியோடு பழக்கமில்லாத வாசகருக்காக ஒரு சொல். கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. நினைவகத்தையும் வட்டையும் வலைப்பின்னலையும் ஆள்வது அதுவே. ஆனால் மின்சாரம் பாய்ந்த கணத்தில் கெர்னல் வெறும் கோப்பு, சேமிப்பகத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்து நினைவகத்தில் கிடத்தி 'எழு' என்று சொல்லும் சிறு நிரலே பூட்லோடர். கெர்னலைப் புதுப்பிக்கையில் தவறு நேர்ந்தால் பழையதை எழுப்பிக்கொள்ளலாம். பூட்லோடரைப் புதுப்பிக்கையில் தவறு நேர்ந்தால் எழுப்புவதற்கே ஆளில்லை. ஆர்வலர்கள் இத்தகைய இயந்திரத்தைச் 'செங்கல்' என்பார்கள். கோயிலில் பள்ளியெழுச்சி பாடுவோர் உண்டு; பாடுகிறவரை வைகறையில் எழுப்புவது யார் என்று கேட்பாரில்லை. கணினியின் வரலாற்றிலோ அது தொடக்கம் முதலே இருந்துவரும் கேள்வி.

*

'பூட்' என்ற சொல் 'பூட்ஸ்டிராப்' என்பதன் சுருக்கம். காலணியின் பின்புற வாரைப் பற்றி இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்பது ஆங்கிலத்தில் இயலாத காரியத்துக்குச் சொல்லப்பட்ட உவமை. நிரலை ஏற்றுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவதற்கு? முதல் கட்டளை வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

1952-இல் அறிமுகமான ஐபிஎம் 701 இயந்திரத்தில் இதற்கென ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் துளையட்டையிலிருந்து முதல் சொல்லை மட்டும் இயந்திரம் படிக்கும், அச்சொல் அடுத்ததைப் படிக்கச் சொல்லும், அது அதற்கடுத்ததை. 1965-இல் வந்த பிடிபி-8 இயந்திரத்தில் அந்த வசதியும் தொடக்கத்தில் இல்லை. முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, பதினைந்து இருபது சொற்களை இயக்குநர் கையாலேயே நினைவகத்தில் பதிக்க வேண்டும். அச்சிறு நிரல் தாள்நாடாவிலிருந்து சற்றுப் பெரிய நிரலைப் படிக்கும். அது முழு நிரலையும் ஏற்றும். அந்தச் சொற்பட்டியலைத் தாளில் எழுதி இயந்திரத்தருகே ஒட்டிவைப்பது வழக்கம். நாள்தோறும் இயக்கியவர்களுக்கோ விரல்களே அதை மனனம் செய்துவைத்திருந்தன.

பத்தாண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1975-இல் ஆல்டேர் 8800 கணினிக்காக எழுதிய பேசிக் மொழியைக் காட்ட பால் ஆலன் ஆல்பகர்க்கிக்கு விமானமேறினார். அந்த மொழியைத் தாள்நாடாவிலிருந்து ஏற்றுவதற்கான நிரலை எழுதவே இல்லை என்பது விமானம் இறங்கத் தொடங்கியபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. இருக்கையில் அமர்ந்தபடியே கையால் எழுதினார். மறுநாள் ஆல்டேரின் முகப்புச் சுவிட்சுகளில் அதைப் பதித்தார், வேலை செய்தது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ஒரு நிறுவனத்தின் முதல் படைப்பு, கடைசி நேரத்தில் எழுதிய சில பைட்டுகளால் கண் விழித்தது.

அக்காலத்தைப் பற்றி நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. முதல் கட்டளை மனிதரின் விரல்நுனியில் இருந்தவரை, இயந்திரம் எதை இயக்கும் என்ற கேள்விக்கு இடமே இல்லை. அருகில் நிற்பவர் பதிப்பதை அது இயக்கும். அக்கட்டளை அழியா நினைவகமாகிய ரோமுக்குள் குடிபுகுந்த பிறகுதான் வசதி வந்தது. வசதியோடு அக்கேள்வியும் வந்தது.

*

1981-இல் வந்த ஐபிஎம் பிசி, ரோமிலுள்ள பயாஸைக் கொண்டு விழித்தது. வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது அதன் வழக்கம். பின்னாளில் வன்தட்டுகளில் அந்த 512-இலும் பிரிவினைப் பட்டியலும் முத்திரையும் போக, நிரலுக்கு எஞ்சியது 446 பைட்டு. நம் எழுத்தில் எண்ணினால் ஒரு சிறு பத்திக்குக் கூடப் போதாத இடம்.

ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று தம் முயற்சியை அறிவித்தபோது தனி பூட்லோடர் எதுவும் இல்லை. கெர்னலின் தலைப்பகுதியிலேயே எழுப்பும் நிரலும் இருந்தது. நெகிழ்வட்டில் அப்படியே எழுதிச் செருகினால் போதும். வன்தட்டிலிருந்து எழுப்புவதற்கு வெர்னர் அல்மெஸ்பெர்கர் உருவாக்கியது லிலோ. அதற்குக் கோப்பு முறை தெரியாது. கெர்னல் வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அக்கட்டங்களை எடுக்கும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு, பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையை மறந்துவிட்டால் பழைய முகவரியில் வேறு எதுவோ இருக்கும்.

லிலோ தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொரு படியாகத் திரையில் எழுதும். முதல் எழுத்து வந்தால் முதற்படி தேறியது. இரண்டாவது வந்தால் அடுத்த படிக்குப் போகிறது. 'எல்', 'ஐ' என்ற இரண்டோடு திரை உறைந்து நிற்பதைத் தொண்ணூறுகளில் லினக்ஸோடு பழகியவர்கள் மறக்கமாட்டார்கள். பாதிப் பெயர் சொல்லி மயங்கி விழுந்தவனைப் பார்ப்பது போலிருக்கும். 1995-இல் எரிக் போலின் தொடங்கிய கிரப், கோப்பு முறையையே படிக்கக் கற்றது. கெர்னலைப் பெயர் சொல்லித் தேடி எடுத்தது. லிலோவின் வளர்ச்சி 2015 இறுதியில் நின்றது.

*

மேசைக் கணினிக்குத் திரையாவது உண்டு. வீட்டு மூலைக்கு வந்த சிறு பெட்டிகளுக்கு அதுவும் இல்லை. இவற்றுக்கான பூட்லோடர்களில் பெரிதும் பரவியது யு-பூட். மேக்னஸ் டாம் எழுதிய 8எக்ஸ்எக்ஸ்ரோம் என்ற நிரலை ஜெர்மானியப் பொறியாளர் வொல்ஃப்காங் டெங்க் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே பெயர்கள் எண்ணில் தொடங்கக்கூடாது என்பதால் அது பிபிசிபூட் ஆயிற்று. 2002-இல் ஆர்ம் முதலிய வேறு சில்லுகளுக்கும் விரிந்தபோது 'டாஸ் யு-பூட்' எனப் பெயர் மாறியது. ஜெர்மன் நீர்மூழ்கித் திரைப்படம் ஒன்றின் பெயரோடு விளையாடிய சிலேடை அது. நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

வீட்டு வழங்கி என்ற பழக்கத்தைப் பலருக்கும் ஏற்படுத்தியது 2004-இல் வந்த லிங்க்சிஸ் என்எஸ்எல்யு2. யுஎஸ்பி வட்டுகளை வலைப்பின்னலில் பகிர்வதற்கென விற்கப்பட்ட அப்பெட்டியில் 32 மெகாபைட் நினைவகமும் 8 மெகாபைட் ஃபிளாஷும் மட்டுமே. உள்ளே இருந்தது லினக்ஸ் என்று தெரிந்ததும் ஆர்வலர் கூட்டம் அதைத் திறந்து, முழு இயங்குதளத்தையும் அதில் குடியேற்றியது. பெட்டியின் சுருக்கப் பெயரை ஒட்டி நத்தை என்று அதை அன்போடு அழைத்தார்கள். டெபியன் ஆதரவு 2013-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அதற்கு முடிந்தது.

ஷீவாபிளக்கின் விதி இன்னும் விரைவாகவே தீர்மானிக்கப்பட்டிருக்கக்கூடும். அது உபுண்டு 9.04 பதிப்போடு விற்பனைக்கு வந்தது. அடுத்த பதிப்பான 9.10, அதே 2009-ஆம் ஆண்டிலேயே, ஆர்ம் சில்லுகளின் அடுத்த தலைமுறைக்குத் தாவிவிட்டது. ஷீவாபிளக்கின் சில்லு பின்தங்கிய தலைமுறை. வாங்கிய ஆண்டிலேயே அனாதையான இயந்திரம்! அதைத் தத்தெடுத்தது டெபியன். 2011 முதல் அதன் அதிகாரபூர்வப் பதிப்புகளில் இச்சில்லுக் குடும்பத்துக்கான கெர்னல் இடம்பெற்றது. தயாரித்தவர் கணக்கில் ஓராண்டு. தன்னார்வலர் கணக்கில் பதினான்கு ஆண்டு. இது சாத்தியமானதற்குக் காரணம் கெர்னலின் மூலநிரல் மட்டுமல்ல. பூட்லோடரும் பூட்டப்படாமல் இருந்தது.

பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் டிவோ. 1999-இல் விற்பனைக்கு வந்த தொலைக்காட்சிப் பதிவுக்கருவி அது. லினக்ஸால் இயங்கியது, உரிமம் கோரியபடி மூலநிரலும் தரப்பட்டது. ஆனால் தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத கெர்னலை எழுப்ப அக்கருவி மறுத்தது. ஏட்டைத் திருத்த உரிமை உண்டு, திருத்திய ஏட்டைப் படிக்க உரிமையில்லை என்பது போன்ற ஏற்பாடு. ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை எதிர்த்தார். 2007 ஜூன் 29 அன்று வெளியான ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இதைத் தடுக்கும் விதிகளோடு வந்தது. டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை, மென்பொருள் உரிமம் வன்பொருளுக்கு விதி சொல்லலாகாது என்பது அவர் நிலை. கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றது.

பூட்டுக்கு நியாயமே இல்லை என்றும் நாம் சொல்லிவிட முடியாது. முதல் கட்டளையைக் கைப்பற்றிய கள்வனுக்கு அதற்குப் பின் வரும் காவலர் எல்லாரும் அடிமை. ஆனால் பூட்டையும் பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது. 2020 ஜூலையில் கிரப் நிரலில் 'பூட்ஹோல்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. கையொப்பச் சோதனையையே தாண்டிச் செல்ல அது வழிவிட்டது. அவசரமாகத் திருத்தம் வெளியானது. திருத்தத்தை நிறுவிய இயந்திரங்களில் சில மறுபடி எழவே இல்லை. ஆபத்திலிருந்து காக்க வந்த மருந்தே சிலருக்குச் செங்கல்லைத் தந்தது. பூட்லோடரைத் தொடும் எவருக்கும் கை நடுங்குவதில் வியப்பில்லை.

*

இந்த நடுக்கத்தைப் பிறர் பொருட்டு உணர்ந்தவர்களும் இவ்வரலாற்றில் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலை ஒன்றை இங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

ஆர்ம் உலகில் ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண் இருந்தது. ஷீவாபிளக்கின் எண் 2097. பூட்லோடர் கெர்னலை எழுப்புகையில் இவ்வெண்ணைக் காதில் ஓதும். கெர்னல் அதைக் கேட்டு, தான் எந்த உடலில் விழித்திருக்கிறது என்று அறிந்துகொள்ளும். பலகைகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் கெர்னலுக்குள் குவிந்தது. 2011 மார்ச்சில் டோர்வால்ட்ஸ் கடுஞ்சொற்களால் இதைக் கண்டித்தார். தீர்வாக வந்தது டிவைஸ் ட்ரீ: பலகையின் உறுப்புகளை விவரிக்கும் தனிக் கோப்பு. பவர்பிசி உலகில் ஏற்கெனவே வழங்கிய முறை. இனி பூட்லோடர் எண்ணுக்குப் பதிலாக அக்கோப்பைக் கையளிக்க வேண்டும்.

ஆனால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டிகளின் பூட்லோடர்களுக்கு அது தெரியாது. எல்லாரும் பூட்லோடரை மாற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கலாம். தொழில்நுட்பரீதியாக அதுவே தூய வழி. அப்படிச் செய்யாமல், விவரக் கோப்பைக் கெர்னலின் வாலிலேயே ஒட்டிவைத்தால் கெர்னல் தானே தேடிப் படித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய பூட்லோடர் பழைய எண்ணையே ஓதட்டும். கெர்னல் தன் வாலைத் தொட்டுப் பார்த்துத் தன்னை அறிந்துகொள்ளும். முகமறியாத மனிதர்களின் மூலையில் தொங்கும் பெட்டிகள் செங்கல் ஆகிவிடக்கூடாது என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது. எங்கள் பெட்டி இத்தனை ஆண்டு ஓடியது அந்த வாலின் தயவில்தான்.

*

கெர்னலைப் புதிய கணினி ஒன்றில் கட்டிமுடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஷீவாபிளக்கின் சிறு துளையில் சீரியல் கம்பியைச் செருகி அமர்ந்தோம். பூட்லோடர் தன் குறிப்புகளை ஃபிளாஷின் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கும். புதிய பதிப்பு அவற்றைத் தேடும் இடம் வேறு. வலைப்பின்னல் முகவரி உட்பட யாவும் மறந்துபோகும். ஆகவே முதல் வேலையாக எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டோம்.

அடுத்து ஒரு கண்டுபிடிப்பு, எங்களுக்கு மட்டும் புதியது. எழுப்புகிறவனை எழுப்புவதற்கும் ஒருவன் இச்சில்லுக்குள் இருக்கிறான். தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட, அழிக்கவோ திருத்தவோ முடியாத சிறு ரோம் அது. விழித்தவுடன் குறிப்பிட்ட சில பைட்டுகளைச் சீரியல் கம்பியில் கேட்டால், ஃபிளாஷைப் பார்க்காமல் கம்பி வழியாகவே பூட்லோடரைப் பெற்று நினைவகத்தில் இயக்கும். இச்சில்லின் ஆக முந்திய வார்ப்புகள் சிலவற்றில் இவ்வழி பயன்படாது; எங்களுடையது அவ்வகையல்ல. 2012-இல் யு-பூட்டுடன் சேர்ந்த கேடபிள்யூபூட் என்ற கருவி இதற்கென்றே எழுதப்பட்டது. நிரலைக் கம்பியில் அனுப்ப அது கையாளும் முறை எக்ஸ்மோடம்: 1977-இல் வார்டு கிறிஸ்டென்சன் எழுதியது. 128 பைட்டு அனுப்பு, சரிபார், சரியென்றால் அடுத்தது, இல்லையேல் மறுபடி அதே. தொலைபேசிக் கம்பியின் இரைச்சலுக்கு அஞ்சி வகுத்த பொறுமையான நடை.

கம்பியைப் பிணைத்து மின்சாரத்தைக் கொடுத்தோம். நொடிக்குப் பதினொரு கிலோபைட்டு அளவில் புதிய பூட்லோடர் ஊர்ந்து ஏறியது. ஃபிளாஷில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நினைவகத்தில் மட்டும் ஒத்திகை. வட்டைக் கண்டது, வலைப்பின்னலைக் கண்டது. அதற்குப் பிறகே ஃபிளாஷின் முதல் ஒரு மெகாபைட்டை அழித்து எழுதினோம். அழித்தலுக்கும் எழுதலுக்கும் இடையே உள்ள சில நொடிகளில் எங்களுள் ஒருவர் மின்செருகியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் பயன் ஏதுமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பிறகு புதிய கெர்னல். லினக்ஸை விரித்தாயிற்று, எழுப்புகிறேன் என்று ஒரு வரி திரையில் வந்தது. இவ்வரிக்குப் பின் ஒரு மௌனம் உண்டு. பூட்லோடர் விடைபெற்றுவிட்டது, கெர்னல் இன்னும் பேசத் தொடங்கவில்லை. எண் தவறியிருந்தாலோ விவரக் கோப்பு பிசகியிருந்தாலோ அந்த மௌனம் முடிவதில்லை. அன்று இரண்டு மூன்று நொடிகளில் முடிந்தது. வரிகள் மழைபோல் இறங்கின. சற்று நேரத்தில் பழைய இதழ் ஒன்றின் அட்டை உலாவியில் திறந்தது.

பக்கங்களுக்கு வேறு இடங்களில் பிரதிகள் உண்டு. இந்தப் பெட்டி போனாலும் அவை போகா. ஆகவே இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஒரு பொருளின் ஆயுளைத் தயாரித்தவரின் விற்பனைக் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை என்பதை ஒருமுறையேனும் கையால் செய்து பார்க்க விரும்பினோம் என்பதே எங்கள் விடை. இந்தக் கெர்னலும் பழையதாகும். அன்று இதே வேலையை வேறொருவர் செய்ய நேரலாம். எழுதிய முகவரிகளையும், கொடுத்த கட்டளைகளையும், எந்த வரிசையில் செய்தோம் என்பதையும் தெளிவான கையெழுத்தில் படியெடுத்தோம். பிடிபி-8 இயக்குநர்கள் செய்ததைப் போலவே, அந்தத் தாளை அலமாரியின் உட்புறம், பெட்டிக்கு நேரெதிரே ஒட்டிவைத்திருக்கிறோம்.